பிக்கப்பை எடுக்காதே

மார்லா,

பிக்கப் வண்டியை எடுக்காதே. முன் பம்பரைப் பொட்டுப் பொட்டாகத்தான் பற்றவைத்திருக்கிறேன். மேடு பள்ளத்தில் கழன்று விழுந்துவிடும். வெல்டிங் கம்பி தீர்ந்துவிட்டது. பக்கத்துப் பண்ணை ஹார்லனோடு டவுனுக்குப் போய் வாங்கி வருகிறேன்.

நேற்று இரவு, “அந்த இரும்பையே கட்டிக்கிட்டு அழு, நான் மிசூலாவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாய். வந்ததும் பேசலாம். மான்கறி அடுப்பில் இருக்கிறது, சாப்பிடு.

டெல்மர்

மேலே எழுதியது பொய். கம்பி தீரவில்லை. நீ எழுவதற்குள் முழுசாகப் பற்றவைத்து முடித்துவிட்டேன். நீ கிளம்புவதை நின்று பார்க்க முடியாமல்தான் போகிறேன். சாவி காபி டப்பாவில் இருக்கிறது.

மலைப்பாதையில் மான் குறுக்கே வந்தால், போன தடவை மாதிரி ஸ்டீரிங்கை ஒடித்து வண்டியைப் பள்ளத்தில் இறக்காதே. நேராகவே மோது. அதற்காகத்தான் இந்தப் பம்பர்.