நூற்றைம்பது கிரீடங்கள்

மே 11, ஞாயிறு

நேற்று மே பத்து, எங்கள் ஊர் அன்னையர் தினம். யாரெலி ஒரு நாள் தள்ளி இன்றுதான் பூவோடு வந்தாள். என் தங்கை சுலேமாவின் மகள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்றவள் நான். பூவைக் கொடுத்த கையோடு சேதியையும் சொன்னாள்.

"பெரியம்மா, என் பதினஞ்சாவது பிறந்தநாள் விழாவுக்கு நீங்கதான் பிஸ்கட்டுக்கு ஞானத்தாயா இருக்கணுமாம். அம்மா கேட்டு வரச் சொன்னா."

பிஸ்கட்டுக்கு! கேக்குக்கு ஒருவர், செருப்புக்கு ஒருவர், பாட்டுக்காரர்களுக்கு ஒருவர் என்று செலவைப் பங்கு பிரித்து, ஏற்பவரை ஞானத்தாய் என்பது ஊர் வழக்கம்தான். ஆனால் கோயிலில் பெண்ணின் தலையில் கிரீடம் வைப்பது ஞானஸ்நானத்தில் ஏந்திய தாய் அல்லவா? கிரீடம் யார் என்று கேட்டேன். பிள்ளை தன் காலைப் பார்த்தாள். வக்கீலம்மா ஒர்டென்சியாவாம். சுலேமாவின் கணவன் ரோகெலியோ வேலை பார்க்கும் இடத்து முதலாளியின் மனைவி.

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதற்குச் சொன்னேன்?

மே 13, செவ்வாய்

எல்லாம் போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் விருந்தில் ஆரம்பித்தது. யாரெலியை அவ்வளவு கண்டிக்காதே என்று ரோகெலியோவிடம் சொன்னேன், அவ்வளவுதான். "பெத்துப் பாத்தவங்க பேசட்டும் அண்ணி" என்றான். மேசை முழுக்க ஆட்கள். சுலேமா சிரித்தாள். என் கூடப் பிறந்தவள் சிரித்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதெல்லாம் "நல்லா இருக்கீங்களா அக்கா", "வாங்க அக்கா". எனக்கு 'நீங்க' போடுகிறாள்! பேன் பார்த்துவிட்டவள் நான்.

மே 17, சனி

போனில் சுலேமாவின் குரல் பதிவு வந்தது. "அக்கா, இளஞ்சிவப்பு கலந்த ஊதா வேணும். ஒவ்வொரு பிஸ்கட் மேலயும் ஒரு கிரீடம் போட்டுடுங்க. நூத்தம்பது போதும். உங்களுக்குச் சிரமம் குடுக்கிறோம்."

மூன்று முறை கேட்டேன். கிரீடமாம். தலையில் வைக்க வக்கீலம்மா. பிஸ்கட்டில் போட நான். இதை யோசித்துத்தான் சொல்கிறாளா, இல்லை யோசிக்காமல் சொல்கிறாளா? எது மோசம் என்று தெரியவில்லை.

மே 21, புதன்

நிறம் மாறிவிட்டது. ஊதா வேண்டாமாம், சாம்பல் பச்சையாம். உடுப்பு மாறியதாம். சாக்லேட்டில் கலக்க இருந்த எண்ணெய்க் கலர் எல்லாம் ஊதாவில் போய்விட்டது. கடையில் பச்சை இல்லை. கேக் க்ரீமுக்கு வைத்திருந்த தண்ணீர்க் கலரைக் கோபத்தில் நாலு சொட்டு விட்டேன். உருக்கிய ஒரு கிண்ணம் வெள்ளைச் சாக்லேட்டும் அப்படியே இறுகிக் களிமண் ஆனது. தண்ணீர் பட்டால் இறுகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். கரண்டியைப் பிடுங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் எலெயாசார் எட்டிப் பார்த்தார். "சுவத்துல விரிசல் இருக்கு, இதை வச்சுப் பூசிடவா?" என்றார். அவருடைய நல்ல நேரம், கரண்டி கிண்ணத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

மே 24, சனி

பச்சை எண்ணெய்க் கலர் கிடைத்தது. க்ரீம் பிஸ்கட்டை அச்சில் வைத்து, சாக்லேட் ஊற்றி, ஃப்ரிட்ஜில் குளிர வைத்து எடுத்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. வெளியே வைத்த ஐந்தாவது நிமிடம் வியர்த்துக்கொட்டுகிறது. இந்தத் தாம்பிகோ கடலோர வெயிலில் எனக்கே வியர்க்கிறது, பிஸ்கட்டுக்கு வியர்க்காதா. சொட்டுச் சொட்டாக நின்று, காய்ந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு. முப்பதைத் தூக்கிப் போட்டேன். போடவில்லை. தின்றேன். அழுதுகொண்டே தின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

மே 27, செவ்வாய்

வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். பிஸ்கட் அங்கே போய்விட்டது. கட்டிலில் பலகை, பலகையில் தட்டு, தட்டில் பிஸ்கட். எலெயாசார் கூடத்தில் வலை ஊஞ்சலில் தொங்குகிறார்.

"துறைமுகத்துல நாள் பூரா இன்ஜினுக்குள்ள வெந்துட்டு வர்றேன். பிஸ்கட்டுக்கு ஏசி, புருஷனுக்குக் கொசுவா?"

"பிஸ்கட் உருகிடும். நீங்க உருக மாட்டீங்க."

"எப்பவாவது கேட்டுப் பாத்தியா?"

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

மே 30, வெள்ளி

கிரீடம், கிரீடம், கிரீடம். பையில் உருகிய சாக்லேட்டை நிரப்பி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டி, ஐந்து முனை இழுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சர்க்கரை முத்து. முத்தை இடுக்கியால் எடுக்க வேண்டும். கட்டை விரல் மரத்துவிட்டது. கண்ணை மூடினாலும் கிரீடம்தான் தெரிகிறது. நூற்றைம்பதும் முடிந்தது. அழகாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மே 31, சனி

யாரெலி அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடினாள். பொன் எழுத்து. கிரீடம்: வக்கீல் ஒர்டென்சியா அம்மையார். செருப்பு: யாரோ. கேக்: யாரோ. இசை: யாரோ. எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. கடைசி வரி: இனிப்பு மேசை, குடும்பத்தினர்.

என் பெயர் இல்லை. நெரெய்தா. நாலு எழுத்து. அதற்குக்கூட அந்த அட்டையில் இடமில்லையா?

படுக்கையறைக்குப் போனேன். கத்தியை எடுத்தேன். எல்லாக் கிரீடத்தையும் சுரண்டிப் போட்டேன். முத்தெல்லாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

ஜூன் 1, ஞாயிறு

என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 4, புதன்

சுலேமா வந்தாள். ஒன்றரை வருடத்தில் முதல் முறை. பிஸ்கட்டைப் பார்க்க வேண்டும் என்று நேரே படுக்கையறைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

"அடிப்பாவி! என்னக்கா இது? எல்லாத்தையும் மொட்டையடிச்சு வச்சிருக்க?"

வச்சிருக்க. 'நீங்க' போய்விட்டது. அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

"என் பேரு எங்கடி?"

"எந்தப் பேரு?"

"அழைப்பிதழ்ல. செருப்பு வாங்குனவளுக்குக்கூடப் பேரு இருக்கு."

"குடும்பத்தினர்னு போட்டிருக்கே! நீ குடும்பம் இல்லாம பின்ன யாரு, தபால்காரியா?"

"குடும்பம்னா கிரீடம் ஏன் அவகிட்டப் போச்சு?"

"மண்டபம் குடுத்தாங்க. அப்புறம் கிரீடமும் நாங்கதான்னாங்க. அவர் வேலை அவங்க கையில இருக்கு. முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா, சொல்லியிருக்கணும். அன்னைக்கு உன் புருஷனுக்கும் சொல்லியிருக்கணும். சிரிச்சியேடி சுலே. எனக்குப் புள்ள இல்லைன்னு அவன் சொன்னப்போ நீ சிரிச்ச."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு தட்டு சரிந்தது. இருவருமே பிடிக்கவில்லை.

"என்ன பண்றதுன்னு தெரியாமச் சிரிச்சுட்டேன். அன்னைக்கே உன் வாசல் வரைக்கும் வந்தேன். விளக்கு எரிஞ்சுது. திரும்பிப் போயிட்டேன்."

"தட்ட வேண்டியதுதானே?"

"நீ கதவைத் திறந்து 'வாங்க'ன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

சொல்லியிருப்பேன்.

பிறகு அவளே எழுந்து சாக்லேட் உருக்கினாள். சுரண்டிய தழும்பு மறைய இன்னொரு முறை முக்கி எடுத்தோம். கிரீடம் போட அவளிடமும் ஒரு பையைக் கொடுத்தேன். மாட்டு மடியைப் பிடிப்பது போலப் பிடித்தாள். அவள் போட்ட கிரீடமெல்லாம் சேவல் கொண்டை. "மெதுவாடி" என்றால், "எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்கிறாள். நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் கொண்டைகளைத் தனியாக ஒதுக்கி வைத்தாள்.

"இதெல்லாம் அவர் சொந்தக்காரங்க மேசைக்கு."

ஜூன் 7, சனி

பூசையில் நான் இரண்டாவது வரிசை. வக்கீலம்மா யாரெலியின் தலையில் கிரீடத்தை வைத்தார். கோணலாக வைத்தார். சரிசெய்ய என் கை தானாக எழுந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலித்தது. பெரிய மனசு வந்துவிட்டது என்றெல்லாம் பொய் எழுத மாட்டேன். அந்த இடம் என்னுடையது, எனக்குக் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் இன்னொரு கூத்து. ஒருவரும் பிஸ்கட்டைத் தின்னவில்லை. "இவ்ளோ அழகா இருக்கே, விழா ஞாபகமா கண்ணாடி அலமாரியில வைக்கிறேன்" என்று கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். எறும்பு வரும் அம்மா என்றேன். கேட்டால்தானே? சேவல் கொண்டை போட்டதை மட்டும் ரோகெலியோவின் ஆட்கள் தின்று தீர்த்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டுப் படுத்தவள்தான். இனி அவரவர் வழி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காப்பி கூடக் குடிக்கவில்லை, போன் அலறியது. சுலேமா.

"எங்க இருக்க? மீந்த கறியச் சூடு பண்ணி எல்லாரும் உக்காந்தாச்சு. இவ்ளோ பாத்திரம் கிடக்கு, யாரு கழுவுறது, உன் மாமியாரா?"

"வக்கீலம்மாவக் கூப்பிடேன். கிரீடம் வச்ச கை."

"அவங்கள எப்படிக் கூப்பிடுறது? விருந்தாளிடி அவங்க. மாமாவையும் இழுத்துட்டு வா. வெங்காயம் தீந்துடுச்சு, வரும்போது வாங்கிட்டு வந்துடு."

வைத்துவிட்டாள். நல்லா இருக்கே நியாயம், கிரீடம் அவளுக்கு, எண்ணெய்ச் சட்டி எனக்கா என்று எலெயாசாரிடம் கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "ரெண்டு கிலோ போதுமா?" என்றார்.

போனோம். புழக்கடையில் மலைபோலப் பாத்திரம். யாரெலி பழைய பனியனோடு தரையில் உட்கார்ந்து தட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். ரோகெலியோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டான். "அண்ணி, இங்க வெயில் வராது" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போனான். நான் அதில் உட்கார்ந்தேன்.

கறி வெந்த பெரிய அண்டாவை, அடிப்பிடித்துக் கரியானதை, சுலேமா காலாலேயே என் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்கு."

மத்தியானம் வரை தேய்த்தேன். தோள் இரண்டும் இன்னும் வலிக்கிறது.