பதினோராம் எண் கட்டில்

பர்க்டோர்ஃப்
4 டிசம்பர் 1983, ஞாயிறு

அன்புள்ள ரெகுலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கிறது. அம்மா அதற்கும் சேர்த்து நலமாக இருக்கிறாள், எட்டு நாளாகச் சிரித்துச் சிரித்து அவளுக்கு விலா வலிதான். நீ அங்கே நியூசிலாந்து டனிடினில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி அதிகம் வாங்கிக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு இது கோடைக்காலம் என்பது இன்னும் என் புத்தியில் ஏறவில்லை, கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொள் என்று எழுத வந்து பேனாவை நிறுத்தினேன். இரண்டு வருஷமாக அம்மாதானே எழுதுகிறாள், கடைசியில் "அப்பாவும் விசாரித்தார்" என்று ஒரு வரி போடுவாள், இப்போது என்ன திடீரென்று கிழவனுக்குக் கை முளைத்தது என்று நினைப்பாய். போன சனிக்கிழமை இங்கே ஒரு கூத்து நடந்தது. அம்மா எழுதட்டும் என்று காகிதத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளிவிட்டு, "நீங்க பண்ணின கூத்தை நீங்களே எழுதுங்க, ஒரு வரிகூட விடக் கூடாது, நான் படிச்சுப் பாத்துத்தான் தபால்ல போடுவேன்" என்று சொல்லிவிட்டாள். இப்போது எதிரே உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வளையத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கான மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, நான் எத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

உனக்கு நம் வீட்டு நிலவறையில் அணுகுண்டுக்குத் தப்பி ஒளியக் கட்டின பதுங்கறை ஞாபகம் இல்லாமல் இருக்காது. அதனால்தானே நீ இந்த வீட்டை விட்டே போனாய். பெர்னில் அந்த ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்து மறுநாள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "குண்டு விழக் கூடாதுன்னு நாங்க ரோட்டுல நிக்கிறோம், நீங்க எப்ப விழும்னு கீழே படுக்கை போட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்கீங்க. என் பேரை அந்தச் சுவத்துல ஒட்டின கட்டில் பட்டியல்லேர்ந்து எடுங்க, எடுத்தப்புறம்தான் நான் இந்த வீட்டுக்கு வருவேன்" என்றாய். ஒரு தகப்பன் அதற்கு ஆயிரம் பதில் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? இங்கே குடியிருப்பதாகப் பதிவு உள்ளவர் பெயரை எடுக்க விதி இடம் தராது என்றேன். வாயில் வந்தது அதுதான். நீ மூன்றே மாதத்தில் பதிவையே எடுத்துக்கொண்டு உலகத்தின் அடிப்பக்கம் போய்விட்டாய், ஆடுகளுக்கு நடுவில், எந்த வல்லரசுக்கும் ஞாபகம் வராத இடத்தில். நான் முப்பது வருஷம் கான்கிரீட்டும் இரும்பும் போட்டுத் தேடிய பாதுகாப்பை நீ ஒரு விமான டிக்கெட்டில் வாங்கிவிட்டாய்.

நீ போன பிறகு விதிப்படி உன் பெயரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ரயில்வே சரக்கு ஆபீஸில் முப்பத்தெட்டு வருஷமாக ஒரு வேகன் சீட்டைக்கூடத் தப்பாகக் கிழிக்காதவன் நான். யுத்தத்தின்போது நானூறு நாள் ஒரு பாலத்துக்குக் காவல் நின்றேன், அந்தப் பக்கம் எதிரி வரவே இல்லை, தினமும் பால்வண்டி மட்டும் வந்தது, அதையும் நிறுத்தித் தவறாமல் அடையாளச் சீட்டு கேட்டேன். அப்படிப்பட்ட மனிதன் உன் விஷயத்தில் நகராட்சிக்கே பொய் சொன்னேன். பதினொரு கட்டில், பதினொரு பெயர். நாம் மூன்று பேர், முதல் மாடி மொசிமன் டீச்சர், இரண்டாம் மாடியில் ரொசாரியாவும் அவள் வீட்டுக்காரரும், மூன்றாம் மாடிக் குடும்பம் ஐந்து பேர். செப்டம்பரில் ரொசாரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பெயர் டானியேலா, தலை நிறைய கறுப்பு முடி. உடனே நகராட்சியில் பதுங்கறைகளைக் கவனிக்கும் அதிகாரி ஷ்டுக்கி கடிதம் போட்டார். பதினோராம் எண் காலி, குழந்தை பெயரை எழுதவும் என்று. பரிசீலனையில் உள்ளது என்று பதில் போட்டேன். இரண்டாவது கடிதத்துக்கு, மகள் விரைவில் திரும்புகிறாள் என்று எழுதினேன். மூன்றாவதற்குப் பதிலே போடவில்லை. கடைசியில் அவரே, நான் வருஷா வருஷம் நடத்தும் பதுங்கறைப் பயிற்சியைப் பார்வையிட நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் அந்த வாரம்தான் ஜெனீவாவில் ரஷ்யக்காரர்கள் அணு ஆயுதப் பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழுந்து போனார்கள். அமெரிக்க ஏவுகணைகள் ஜெர்மனிக்கு வர ஆரம்பித்துவிட்டன, இவர்கள் இனிமேல் எப்போது வருவோம் என்றுகூடச் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். வழக்கமாக என் பயிற்சிக்குத் தலைவலி என்று சொல்லி வராத மொசிமன் டீச்சர் அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கே தொப்பி போட்டுக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். உலகமே பதறும்போது ஒரு மனிதன் தயாராக இருக்கிறான் பார் என்று. இரண்டு நாள் முன்னாலேயே இறங்கிப்போய் இரும்புக் கதவு நிலைக்குச் சாம்பல் நிறத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். எட்டு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தது. நவம்பர் மாத நிலவறையில் காயாது என்று போடவில்லை.

மூன்றாம் மாடிக்காரர்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ரொசாரியாவின் வீட்டுக்காரருக்கு அன்று வேலை. அம்மா அடுப்பில் பின்னல் ரொட்டி இருக்கிறது, உலகம் அழிந்தாலும் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். ஆக உள்ளே போனது நான், ஷ்டுக்கி, மொசிமன் டீச்சர், குழந்தையோடு ரொசாரியா. ஒரு முழக் கனத்துக் கதவை இழுத்துச் சாத்தி இரண்டு நெம்புகோலையும் சேனாதிபதி மாதிரி இறக்கினேன். ஷ்டுக்கி பட்டியலை வாசித்தார். பதினொன்று வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "வெளியூர் போயிருக்கா" என்றேன். டீச்சர் சும்மா இருப்பாரா, நாற்பது வருஷம் பூகோளம் நடத்தினவர். "வெளியூரா! ஏய்யா, நியூசிலாந்து உமக்கு வெளியூரா? பதினெட்டாயிரம் கிலோமீட்டர்!" என்றார். ஷ்டுக்கி பேனாவைத் திறந்தார். நான் அவசரமாகப் பயிற்சி முடிந்தது என்று அறிவித்து நெம்புகோலை மேலே தூக்கினேன். கதவு அசையவில்லை. தோளால் தள்ளினேன், அசையவில்லை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை என் ஈரப் பெயின்டில் பிடித்துக்கொண்டுவிட்டது. ரப்பரில் பெயின்ட் படக் கூடாது என்று கதவிலேயே ஒரு அறிவிப்பு இருக்கிறது, அதை வருஷா வருஷம் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவது யார் என்று உனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் அம்மா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அடுத்ததையும் எழுதுங்க என்கிறாள். எழுதுகிறேன். கதவு திறக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சி இன்னும் பத்து நிமிஷம் நீட்டிக்கப்படுகிறது என்று சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு பத்து நிமிஷம். ஷ்டுக்கி மெச்சிக்கூடச் சொன்னார், இவ்வளவு கண்டிப்பான பயிற்சியை இந்த நகரத்தில் நான் பார்த்ததில்லை என்று. மூன்றாவது நீட்டிப்பில் டீச்சர் என் முகத்தையும் கதவையும் பார்த்து, "ரூஃபெனாக்ட், நாம மாட்டிக்கிட்டோம், அப்படித்தானே?" என்றார். ஆமாம் டீச்சர் என்றேன், வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி. சுவர் அவ்வளவு கனம், அம்மாவுக்கு எங்கே கேட்கும். அவள் பிறகு சொன்னாள், "சத்தமே வரலை, இந்தத் தடவை ஒழுங்கா நடக்குதுன்னு சந்தோஷப்பட்டு, நடுவுல வந்து கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்" என்று. முறை வைத்துக் காற்றுப் பம்பைக் கையால் சுற்றினோம். டீச்சர் கழிவறைத் தொட்டி எங்கே என்று கேட்டார், காட்டினேன், அதற்குள் என் ஆப்பிள்கள் இருந்தன. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

குழந்தை அழ ஆரம்பித்தது. பாலைக் குடித்தது, தூக்கத்துக்கு அழுதது, ரொசாரியாவுக்கு மடியில் வைத்து வைத்துக் கை மரத்துப்போயிற்று. அடுக்குக் கட்டில்கள் எல்லாம் வெறும் பலகை, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் பனிச்சறுக்குக் கட்டைகள், ஒன்றில் அம்மாவின் ஜாம் பாட்டில்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் திரை போட்டிருந்தேன். டீச்சர் திரையை விலக்கினார். உன் நீலக் கட்டம் போட்ட மெத்தைப் போர்வை, தலையணை, இஸ்திரி போட்ட விரிப்பு, சின்ன வயதில் வயிறு வலித்தால் சூடாக்கி வைத்துக்கொள்வாயே, அந்தச் செர்ரிக்கொட்டைப் பை. டீச்சர் விரிப்பை முகர்ந்து பார்த்து, "இது போன வாரம் துவைச்சதுய்யா" என்றார். பிறகு, "ரெண்டு வருஷமா உங்க துவைக்கிற நாளன்னிக்குக் கொடியில மூணு விரிப்புக் காயுது. ரெண்டு பேர் இருக்கிற வீட்ல மூணாவது யாருன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். ஷ்டுக்கி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மூன்றாவது விரிப்பு அம்மாவுக்கும் தெரியாது, கட்டம் போட்டதெல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே, அவள் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கு வந்த வெட்கத்தில் வெங்காயத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ரொசாரியா கேட்டாள், "உங்க பொண்ணு கட்டில்ல என் பொண்ணைப் போட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களேய்யா?" என்று. நீ கோபித்துக்கொள்வாய், குழந்தை படுத்ததற்கு இல்லை, அந்தக் கட்டில் அங்கே இருந்ததற்கு. அது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் மாதாமாதம் விரிப்பு மாற்றினேன், ஏனென்றால் அந்தப் பெயரை அழித்தால் நீ உண்மையிலேயே போய்விட்டாய் என்று ஆகிவிடும். நான்தான் குழந்தையைத் தூக்கி மேல்தட்டில் படுக்கவைத்தேன். ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டது. நான் பம்பைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன், இது பயிற்சியாக இல்லாமல் நிஜமாகவே இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொட்டியோடு உன் அம்மா வெளியே. நீ உலகத்தின் மறுகோடியில். நான் உள்ளே, ஆப்பிளோடும் ஷ்டுக்கியோடும் பத்திரமாக. இதற்காகவா முப்பது வருஷம் பாடுபட்டேன் என்று ஆகிவிட்டது.

வெளியே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அவசர வழிக் குழாயில் நான்தான் தவழ்ந்தேன், அறுபத்து மூன்று வயதில். தோட்டத்துப் பக்கம் கம்பி மூடியை எட்டி முட்டினால் அசையவில்லை. ஏனென்றால் கோடையில் அதன் மேல் விறகு அடுக்கியவனும் நான்தான், அளவுகோல் வைத்து அடுக்கி, நடுவிலிருந்து யாரும் ஒரு கட்டைகூட உருவக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு வேறு போட்டிருந்தேன். அங்கேயே மல்லாந்து கிடந்து கத்தினேன். ஐந்து மணி வாக்கில் அம்மா அடுப்புக்கு விறகு எடுக்க வந்தாள். விறகு பேசுகிறதே என்று முதலில் முயல் கூண்டைப் பார்த்தாளாம். யாரு என்றாள், நான்தான் என்றேன். "அங்கே என்ன பண்றீங்க?" என்றாள். நான் விளக்கினேன். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நடுவுலேர்ந்து எடுக்கலாமா, இல்லே மேலேர்ந்து வரிசையா எடுக்கணுமா?" என்று கேட்டாளே பார், அதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அவள் விறகை அகற்றி மூடியைத் திறந்த பிறகுதான் எல்லோரும் வெளியே வந்தோம். இப்போது தெரு முழுக்க அதுதான் பேச்சு. நேற்று ஸ்டேஷனில் ஒருவன், ரூஃபெனாக்ட் ஐயா, ரஷ்யக்காரங்க வந்தா கதவுக்குப் பெயின்ட் அடிச்சாப் போதுமாமே என்கிறான்.

திங்கட்கிழமை தனியாகக் கீழே இறங்கிப் போனேன். ஷ்டுக்கி கேட்டதற்காக இல்லை, அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பட்டியலில் பதினோராம் வரியில் உன் பெயரை நானே அடித்துவிட்டு டானியேலா என்று எழுதினேன். எழுத்துக் கோணலாகிவிட்டது, பார்க்க சகிக்கவில்லை. அதனால் ரெகுலா, இனிமேல் கீழே உனக்கு இடம் கிடையாது. மேலே உன் அறையில்தான் இருக்கிறது. உன் போர்வையை மேலே கொண்டுவந்து ஜன்னலில் காற்றாடப் போட்டேன். மொசிமன் டீச்சர் தெருவில் நின்று பார்த்து, "பொண்ணு வர்றாளா?" என்று கேட்டார். இன்னும் கேட்கவில்லை டீச்சர் என்றேன். "இத்தனை நாளாவாய்யா கேக்கலை?" என்று திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டினது சரி. இரண்டு வருஷத்தில் உனக்குக் கட்டில் போட்டேன், விரிப்பு துவைத்தேன், நகராட்சிக்குப் பொய் எழுதினேன், உன்னிடம் வா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வருகிறாயா அம்மா?

அம்மா படித்துவிட்டாள், சிரிப்பாள் என்று பார்த்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிறிஸ்துமஸ் பிஸ்கட் பொட்டலம் கட்டப் போய்விட்டாள், தனியாக வரும். ஆண்டவர் உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும், உன் கையால் பிழைக்கிறவர்கள் எல்லோரும் உன்னை வாழ்த்தட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பதிலை இந்தத் தடவை அம்மா பெயருக்குப் போடாதே, என் பெயருக்குப் போடு. தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும்போது அடையாளச் சீட்டு கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
சிறையிலிருந்து மீண்டவனும்
உன்னைப் பெற்றவனுமாகிய
எர்ன்ஸ்ட் ரூஃபெனாக்ட்