கறிமீன்

அப்பா, டின் மீன் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்திருக்கிறது. இன்று காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் பருப்பு வாங்கப் போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் சிவப்புத் தாள் சுற்றிய டின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. கடைக்காரர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக, "அக்கா, உங்கட ஐயாவின்ர சாமான் வந்திட்டுது. கப்பல் வந்திட்டுதாம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பருப்பை நிறுக்கத் தொடங்கினார். பாவமாக இருந்தது. ஒரு டின்னும் சேர்த்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வெட்டினேன். மூடியில் கத்தி இறங்கியதும் அந்த வாசம் எழும்பியது. பூனை எங்கிருந்தோ ஓடி வந்தது. முழுவதையும் அதற்குக் கொட்டிவிட்டுக் கையைக் கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது ஒருநாளும் மீன் வாசமாக இருந்ததில்லை. உங்களுக்கோ அது பெரிய மனிதர் வீட்டு வாசம்.

உங்களுக்கு நியாயம் செய்வதென்றால் பாண் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கடலில் கிடந்துவிட்டு வந்த உடம்போடு நம் ஊரான அரிப்பில் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் பேக்கரிப் பாணுக்கு நின்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். கடை மனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன்காரர் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, நாறுது" என்றார். நீங்கள் தள்ளி நின்றீர்கள். தள்ளி நின்ற இடத்துக்குப் பாண் வந்து சேரவில்லை.

வீட்டில் அம்மா பனங்கிழங்கு ஒடியல் பிட்டும் திருக்கைக் கறியும் வைத்திருந்தார். நீங்கள் தட்டைத் தொடவில்லை. "கடைச் சாமான் இல்லாத நாள் இனி இந்த வீட்டில இருக்கக்கூடாது" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு உங்களைப் பார்க்க அழுகை வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பிறந்ததிலிருந்து உங்களை வெறுத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பிறகு அரசாங்கம் மாறியது, கதவு திறந்தது. சீனியும் மாவும் பருப்பும் கடைகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அதே வேகத்தில் தெற்கிலிருந்து ஐஸ் லொறியும் நம் கரைக்கு வந்தது. உங்களுக்குக் காலம் வந்துவிட்டது என்று நினைத்தீர்கள். "வீட்டுக்கு எடுத்த மீன் வயித்தோட போச்சு. வித்த மீன் சீனியாய் வரும், மாவாய் வரும்" என்று கரையில் மீன் வாடிக் கொட்டிலில் இருந்து பிரசங்கம் செய்வீர்கள். கேட்கிறவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது.

கரையில் வள்ளம் ஏறியதும் விலை பேசுவதற்கு முன்னால் வீட்டுக்கென்று ஆளுக்கொரு கோர்வை மீனை ஈர்க்கில் கோத்து ஒதுக்கி வைப்பார்கள். அதுதான் கறிமீன். வள்ளத்துச் சொந்தக்காரனான சம்மாட்டியிலிருந்து வலை இழுக்கிறவன் வரைக்கும் அது உண்டு. எவ்வளவு கஞ்சனும் அதில் கை வைக்க மாட்டான், அதற்கு விலை கேட்பதே வெட்கக்கேடு. அந்தக் கறிமீனை நம் ஊரில் முதன்முதலில் நிறுத்திய ஆள் நீங்கள்தான். உங்கள் வள்ளத்து மீன் ஒன்றுகூடக் குறையாமல் லொறிக்கு ஏறும் என்று லொறிக்காரனுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். வலை இழுக்கும் சூசை தலையைச் சொறிந்துகொண்டு, "சம்மாட்டியார், பெண்டில் பிள்ளையளுக்கு என்னத்தைக் கொண்டு போறது?" என்று கேட்டார். "கடையில டின் மீன் அடுக்கிக் கிடக்கு. வாங்கிக்கொண்டு போ. முள்ளும் இல்லை, செதிளும் இல்லை" என்றீர்கள். லொறி எல்லா வாடியையும் விட்டுவிட்டு முதலில் உங்கள் வாடியில்தான் நிற்கும். அதில் உங்களுக்கு ஒரு தலைக்கனம்.

நம் வீட்டுக்கும் அதே சட்டம். கடலைப் பார்த்த வீட்டில் ஜப்பான்காரன் அடைத்த மீனைச் சமைத்தோம். அம்மா சமைப்பார், வாயில் வைக்க மாட்டார். உப்பையும் மிளகாயையும் கடித்துக்கொண்டு சோற்றைத் தின்றுவிட்டு எழும்புவார். நீங்கள் அதைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு வயிற்றில் புற்று வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கஞ்சியும் இறங்கவில்லை. ஒரு காலை என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒரு விளைமீன் சொதி குடிச்சால் நல்லாயிருக்கும் போல கிடக்கு. உன்ர அப்பாட்டைச் சொல்லு" என்றார். அந்த மனுசி தன் வாயால் கேட்டது அது ஒன்றுதான். கலியாணம் செய்த நாளிலிருந்து உங்களிடம் ஒரு சீலை கூடக் கேட்டறியாதவர்.

நான் கரைக்கு ஓடினேன். உங்கள் வள்ளம் அப்போதுதான் ஏறியிருந்தது, மணலில் பரவிக் கிடந்ததெல்லாம் விளைமீன். அதைக் கண்டதும் எனக்கு மாதாவே கொண்டுவந்து கொட்டிய மாதிரி இருந்தது. ஆட்கள் பெட்டியில் அடுக்கி ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்பா, அம்மா சொதி கேட்கிறா. ஒரு மீன் தாங்கோ" என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, லொறிக்காரனைப் பார்த்தீர்கள். "எல்லாம் ஏத்தியாச்சு" என்றீர்கள். பாதி மீன் மணலில்தான் கிடந்தது. சூசை குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். "வையடா அதை! நான் குடுத்த வாக்கு உனக்கு விளையாட்டோ?" என்று கத்தினீர்கள். சூசை வைத்துவிட்டார். லொறிக்காரன்கூட, "ஒண்டுதானே சம்மாட்டி, குடுங்கோவன்" என்றான். முன்பின் தெரியாத அவனுக்கு இருந்த இரக்கத்தைப் பார்த்து உங்களுக்கு ரோசம் வந்ததே தவிர இரக்கம் வரவில்லை. வேறு வள்ளக்காரரிடம் நான் கேட்கப் போனதையும் தடுத்தீர்கள். சம்மாட்டியின் மகள் மீனுக்குக் கையேந்துவதாவது!

"நீ வீட்டை போ. நான் மீனோட வாறன்" என்றீர்கள். நம்பிப் போய்ச் சொதிக்குப் பால் பிழியத் தேங்காய் திருவினேன். நீங்கள் ஒரு டின்னோடு வந்தீர்கள். "கழுவிப்போட்டுச் சொதிக்குள்ள போடு. நோயாளிக்கு என்ன தெரியப்போகுது?" என்று மெல்லமாகச் சொன்னீர்கள். கழுவினேன். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அந்த வாசம் போகவில்லை.

அம்மாவைத் தூக்கிச் சாய்த்து வைத்து நீங்களே கரண்டியால் பருக்கினீர்கள். ஒரு வாய் எடுத்தார். நாக்கில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தார்.

"இஞ்சருங்கோ, எங்க பிடிச்ச மீன்?"

"எங்கட கடல்தான். விடியப் பிடிச்சது."

"எங்கட கடலுக்கு நான் அப்பிடி என்ன செய்தனான்?" என்று கேட்டுவிட்டு வாயில் இருந்ததைத் துப்பினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உங்களோடு பேசவில்லை, சுவாமியாரிடம் கடைசி நன்மை வாங்கிக்கொண்டு அந்தக் கிழமையே கண்ணை மூடினார். மிச்சச் சொதியை என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பாண் துண்டால் சட்டியை வழித்துச் சாப்பிட்டீர்கள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். ஜப்பானில் அந்த மீனைப் பிடித்தவன்கூடத் தன் பெண்டிலுக்குக் கறிமீன் எடுத்து வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை டின்னில் அடைக்கக் கொடுத்திருப்பான்.

சண்டைக் காலம் வந்தது. கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள், வள்ளமும் போயிற்று, வாடியும் போயிற்று. அகதி முகாமில் நிவாரணப் பருப்பைச் சனம் திட்டித் திட்டிச் சாப்பிட்டது. நீங்கள் மட்டும் டின் மீன் கொடுக்கிற நாளில் சட்டை மாற்றிக்கொண்டு போய் நிற்பீர்கள். உங்களை அந்த வரிசையில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

கடைசியில் மன்னாரில் என் வீட்டுக்குத்தான் வந்தீர்கள். வேறு போக்கிடம் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தைக்குப் போய் நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கிச் சொதி வைத்து உங்கள் முன்னால் வைத்தேன். மீன் உங்களைப் பார்க்கிற மாதிரித் தலையை மேலே வைப்பேன். பாசத்தில் வைத்தேன் என்று அயலவர் நினைத்தார்கள். உங்களைக் குத்தத்தான் வைத்தேன், அது உங்களுக்கும் தெரியும். "எனக்கு முள்ளு ஆகாது. டின்னை வெட்டு" என்று கோப்பையைத் தள்ளிவிடுவீர்கள். வெட்டித் தருவேன். டின்னில் எழுதியிருப்பதை வாசித்தும் காட்டுவேன். "இப்ப இது சிலி நாட்டு மீனாம் அப்பா. உலகத்தின்ர அந்தத் தொங்கல்."

"அங்கயும் கடல் கிடக்கே?"

"கிடக்கு. அங்கயும் லொறி கிடக்காக்கும்."

நீங்கள் அதை மென்றுகொண்டிருப்பீர்கள். இப்படியே வருடங்கள் போயின.

பிறகு நாடு கடனில் மூழ்கிப்போனது, கப்பல்கள் சாமான் இறக்கவில்லை. முதலில் பால்மா இல்லை என்றார்கள். அடுத்துச் சீனி, பருப்பு, டின் மீன் எல்லாம் கடைகளை விட்டுப் போயின. உங்களுக்கு வெறும் தேநீரும் சோறும் சம்பலும். சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். உடம்பும் விழத் தொடங்கியது. அப்படிப் படுத்துக் கிடந்த ஒரு நாள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பிள்ளை, விளைமீன் சொதி வை. குடிக்கிறன்."

நாற்பது வருடத்துக் கோபம் அந்த ஒரு சொல்லில் எங்கே போனது என்று தெரியவில்லை. வை என்று சொன்னீர்களே, அது போதும் என்று இருந்தது. சீலையைக்கூட மாற்றாமல் சந்தைக்குப் போனேன். மீன் வெட்டும் கல்லெல்லாம் காய்ந்து கிடந்தது, கழுதைகள் உள்ளே வந்து நிழலுக்குப் படுத்திருந்தன. ஒரேயொரு வியாபாரி கதிரையில் இருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, கடல் நிறைய மீன் கிடக்கு. எஞ்சினுக்கு ஊத்த மண்ணெண்ணெய் இல்லை. அதுவும் கப்பலிலதானே வரவேணும்" என்றான். அரிப்புக்குப் போக பஸ்ஸும் இல்லை. சூசையின் மகனுக்குப் போன் எடுத்தேன். போட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் நிழலில் படுத்திருப்பதாகச் சொன்னான். கரைவலைக்காரரிடம் கேள், தெப்பக்காரரிடம் கேள் என்று கெஞ்சினேன். "மாமி, கரையில நெத்தலி வந்தாலே அடிபாடு" என்றான்.

மீன் இல்லாமல் சொதி வைத்தேன். அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன் அப்பா. வெங்காயமும் வெந்தயமும் இந்தியா. மஞ்சள் அக்கரையிலிருந்து களவாக வந்தது. நம்முடையதென்று இருந்தது தேங்காயும் பச்சைமிளகாயும் உப்பளத்து உப்பும் மட்டும்தான். நம் கடல் மீனும் வெளிநாட்டு எண்ணெயில்தான் கரைக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருந்ததைப் போட்டுக் காய்ச்சி, எலுமிச்சம் புளி விட்டு, கொண்டுவந்து பருக்கினேன்.

"மீன் எங்க?"

"மீன் இல்லை அப்பா. எண்ணெய் இல்லாமல் ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை."

சிரித்தீர்கள். "மன்னாரில மீன் இல்லையெண்டு ஆருக்குச் சொல்லுறாய்? அறுபது வருசம் இந்தக் கடலில கிடந்தவனுக்கோ?"

"மாதாவாண இல்லை அப்பா. நம்புங்கோ."

"எனக்குத் தெரியும் பிள்ளை. உன்ர அம்மாவுக்காகச் செய்யிறாய்."

எத்தனை விதமாகச் சொன்னேன்! அந்த வியாபாரியைக் கூட்டிவரவா என்று கேட்டேன். போனில் சூசையின் மகனைப் பேச வைத்தேன். அவனுக்கும் நான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். கடலில் மீன் இருக்கும்வரைக்கும் கரையில் மீன் இருக்கும் என்பது உங்கள் வேதம். பைபிளில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

கோயில் சுவாமியார் கடைசி எண்ணெயோடு அவஸ்தை பூச வந்தார். அயலவர் எல்லாரும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றோம். பூசி முடிந்ததும் நீங்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "சுவாமி, என்ர மகள் எனக்கு ஒரு மீன் துண்டு தராமல் விட்டவள். நான் அவளை மன்னிச்சிட்டன்" என்றீர்கள். பெண்கள் விம்மினார்கள். சுவாமியார் எழும்பி வந்து என் தலையில் கை வைத்து, "அப்பா உங்களை மன்னிச்சிட்டார் மகள். இனி நீங்களும் மனதில் ஒண்டையும் வைச்சிருக்க வேண்டாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். செத்துக்கொண்டிருக்கிற மனிதனோடு எப்படி வாதாடுவது? மூடிக்கொண்டேன். அன்று பின்னேரம் நீங்கள் நிம்மதியாகப் போனீர்கள்.

செத்த வீட்டில் அதுதான் பேச்சு. எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். கோயிலில் என்னைக் கண்டால் இன்றைக்கும் சிலர் இரக்கமாகப் பார்க்கிறார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ, அவர் மன்னிச்சிட்டுத்தானே போனவர்" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குச் செய்ததற்கு நீங்கள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ தெரியாது. ஆனால் நான் செய்யாத ஒன்றுக்கு எனக்கு மன்னிப்புத் தந்துவிட்டுப் போனீர்கள். செய்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும் அப்பா.