பல்லி போட்ட ஸ்மூத்தி

ஏப்ரல் 28, செவ்வாய்

அண்ணியின் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. காலையில் கொண்டை போடக் கையைத் தூக்கியபோது பார்த்தேன். மார்ச்சில், கல்யாணத்தன்று, இதே வளையலைச் சோப்பு போட்டுத்தான் நுழைத்தோம். சோப்பு கரைத்துக் கொடுத்தது நான்.

ஏழு மணிக்கே வெயில் சுடுகிறது. ஃபால்ஸ் அடிக்க வந்த சேலை மூன்று. முடிந்தது ஒன்று.

அடுத்த புதன்கிழமை அண்ணிக்கு ரயில்வே உடல் தகுதித் தேர்வு. எழுத்துத் தேர்வு பாஸ். இனி மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோடு வரை போக வேண்டும். அப்புறம் ஓட்டம். மூட்டையை வழியில் கீழே வைத்தால் அவ்வளவுதான், வீட்டுக்கு வரலாம். கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை மதுரையில் இருந்து போய் அப்படித்தான் திரும்பி வந்தாராம். அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் குவார்ட்டர்ஸ் பின்னால் உள்ள மைதானத்தில் பயிற்சி. பழைய அரிசிப் பையில் அப்பா மணல் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். தூக்கும்போது அண்ணியின் முகம் மாறுவதே இல்லை. காது மட்டும் சிவக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். சுவர் ஓரமாக நின்று பார்ப்பேன்.

எதிர் வீட்டு விமலா ஆன்ட்டி, அம்மாவிடம், எங்கள் தெருவின் உருது கலந்த தமிழில்: "கைக்கு அக்கா? ஏன், மருமகள கூலி வேலைக்கு அனுப்பப் போறீங்களா?"

அம்மா: "ஹவ், ஆமா. ஸ்டேஷன்லதான். நீங்க ஊருக்குப் போறப்ப சொல்லுங்க, உங்க பெட்டிய தூக்கி வைப்பா."

வெளியே அப்படி. உள்ளே வந்ததும் என்னிடம் வேறு மாதிரி. "ஒண்ணும் தின்ன மாட்றா. இப்டியே போனா மூட்டைதான் இவள தூக்கும்."

உண்மைதான். பயிற்சி முடிந்து வந்தால் இட்லியைப் பார்த்தாலே குமட்டுகிறதாம். முட்டை எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு செம்பு தண்ணீர், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29, புதன்

போனில் ஒரு பெண் பழ ஸ்மூத்தி செய்து காட்டினாள். கரண்டியைச் சாய்த்தாலும் விழவில்லை, கிரீம் போல. அதில் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர். நம்மிடம் பவுடர் இல்லை. பழம் இருக்கிறது, தயிர் இருக்கிறது, பொட்டுக்கடலை இருக்கிறது.

மதியம் எல்லோரும் தூங்கும்போது செய்தேன்.

போட்டது: ரசால் மாம்பழம், தயிர், பொட்டுக்கடலை ஒரு பிடி, ஐஸ்.
வந்தது: மேலே நுரை, நடுவில் நார், கீழே தண்ணீர். அடியில் பொட்டுக்கடலை, சுவருக்குப் பூசும் பட்டி மாதிரி.

நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மிக்ஸியில் தீய்ந்த வாசனை. யாரும் எழுந்திருப்பதற்குள் நானே குடித்துவிட்டு ஜாரைக் கழுவினேன். அதை எப்படி அண்ணியிடம் நீட்டுவது.

கொடுத்தால் ஏதாவது சொல்லவும் வேண்டும். அவர் வந்து இரண்டு மாதம். நான் அவரிடம் பேசியது எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம் வராது. பாதி "ம்". பள்ளியிலும் இப்படித்தான். எழுந்து நின்று படி என்றால் குரல் வராது, சிரிப்பார்கள். ஒன்பதாவதில் அரைப் பரீட்சைக்குப் பிறகு போகவில்லை. அண்ணிக்கு இது தெரியும். ஒரு நாள் சொன்னார்: "பேசாட்டி என்ன நித்தி, நீ கேக்குறேல்ல. எங்க வீட்ல எல்லாரும் பேசுவாய்ங்க. கேக்கத்தான் ஆள் இல்ல."

இதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மாலை: அடுப்படி டியூப் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய சிப்கலி வாலை ஆட்டிக்கொண்டு பூச்சி பிடிக்க வெளியே வந்தது. மூட்டைக்கு முகம் மாறாத அண்ணி விளக்குமாற்றோடு ஸ்டூல் மேல். "இந்தச் சனியன் விழுந்த பாலைக் குடிச்சு எங்க தெருவுல ஒரு வீடே ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. மூடி வைங்க அத்தே. எதையும் தெறந்து போடாதீக."

அம்மா: "நக்கோ அம்மா, அத அடிக்க வேண்டாம், பாவம். நம்ம நித்யா வயசு அதுக்கு."

மே 1, வெள்ளி

விடுமுறை. அண்ணன் பட்டான்செரு மருந்து கம்பெனி வேலையில் இருந்து வந்திருக்கிறான். அந்த வாசனை சட்டையில் அப்படியே.

காலையில் அண்ணி பாதி மைதானத்தில் மூட்டையை இறக்கிவிட்டார். உட்காரவில்லை. குனிந்து முழங்காலில் கையை ஊன்றி நின்றார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பிறகு மறுபடியும் தூக்கினார்.

ஸ்மூத்தி, மூன்றாம் முறை. (நேற்று இரண்டாவது. எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை. புளிப்பு.)

தெரிந்துகொண்டது:
ரசால் நக்கோ. பங்கனப்பள்ளிதான், நாரே இல்லை.
ஐஸ் வேண்டாம், தண்ணீர் விடும். வாழைப்பழத்தை வில்லையாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்தால் அதுவே ஐஸ், அதுவே கிரீம்.
தயிரை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும்.
பொட்டுக்கடலைக்குப் பதில் வேர்க்கடலை. இரவே ஊறவைத்துத் தோல் உரித்தது.
எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. முதலில் கடலை மட்டும், மையாக. பிறகு தயிர். பழம் கடைசியில்.

அப்பாவுக்கு வேர்க்கடலை பித்தம் என்று வீட்டில் வாங்குவதே இல்லை. அம்மா எனக்காக வாங்கி வந்து, டிவி பார்த்துக்கொண்டே தோலும் உரித்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கரண்டி நின்றது. நிஜமாகவே நின்றது. டம்ளரில் நட்டு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளை கொடுக்க வேண்டும்.

மே 2, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

அண்ணி மைதானத்தில் இருந்து வந்தார். டம்ளரை நீட்டினேன். ஒரே மூச்சில் பாதி. உதட்டுக்கு மேல் மஞ்சள் மீசை.

"யாத்தே. ஐஸ்கிரீம் கணக்கா இருக்கு. நீயா செஞ்ச?"

"ம்."

"குமட்டவே இல்ல நித்தி. ஏதோ நெய் மாதிரி வாசம் வருது. என்ன போட்ட?"

எழுதும்போது வேர்க்கடலை என்று எழுதுவேன், அப்பா கற்றுக்கொடுத்த தமிழ். வாயில் அது வராது. இங்கே கடை, தெரு, வீடு எல்லா இடத்திலும் அதற்கு ஒரே பெயர். தெலுங்கில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அதைத்தான் சொன்னேன்.

"பல்லி."

முதல் தடவையாக அண்ணியின் முகம் மாறிப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். என் தோளைப் பிடித்தார்.

"நீ குடிச்சியா?"

தலையாட்டினேன்.

இழுத்துக்கொண்டு ஓடினார். வாஷ்பேசினில் என் தலையைக் குனிய வைத்து, "துப்பு. வெரல உள்ள விடு. எடுத்துரு கண்ணு, எல்லாத்தையும் எடுத்துரு." அவர் வாயில் மஞ்சள் மீசை அப்படியே. அதைத் துடைக்கக்கூட இல்லை. "அத்தே, ஆட்டோ கூப்பிடுங்க. இவ பல்லி விழுந்ததக் குடிச்சிருக்கா."

அம்மா ஈரக் கையோடு வந்தாள். "ஹவ், பல்லிதானே? விழல. நாமதான் போட்டோம்."

அண்ணி என் தலையில் இருந்து கையை எடுத்தார்.

"நான்தான் தோல் உரிச்சுக் குடுத்தேன். நைட்டே ஊற வச்சிட்டா ஈசியா வந்துரும்."

அண்ணி அம்மாவைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். பிறகு வாந்தி. குடித்த அத்தனையும்.

எனக்கு விளங்கவில்லை. அண்ணியின் கண் டியூப் லைட் பக்கம் போன பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் அது சிப்கலி. மதுரையில் அதுதான் பல்லி. அடுப்படிக்கு ஓடி டப்பாவில் கையை விட்டு, திரும்பி வந்து அண்ணி முன்னால் உள்ளங்கையை விரித்தேன்.

ஒரு பிடி வேர்க்கடலை.

"இது," என்றேன். "இதுதான் பல்லி."

அண்ணி ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "தோல் உரிச்சுக் குடுத்தாகளாம். ஊற வேற வச்சாகளாம்." அம்மாவுக்கும் புரிந்து, அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் எழுந்து வந்து என்ன என்று கேட்டான். யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது யோசித்தால்: விஷம் குடித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். நீ குடிச்சியா.

மே 3, ஞாயிறு

அண்ணியால் மறுபடி குடிக்க முடியவில்லை. உதடு வரை கொண்டுபோய் வைத்துவிட்டார். "மனசுக்குத் தெரியுது நித்தி. வயித்துக்குத் தெரிய மாட்டேங்குது."

மூட்டை இன்றும் பாதியில் கீழே. புதன்கிழமை இப்படி ஆனால் அவ்வளவுதான். என்னால் வந்தது. ஒரு சொல்லால்.

மாலை அவரே அடுப்படிக்கு வந்து மேடை மேல் ஏறி உட்கார்ந்தார். "ஏங் கண்ணு முன்னாடி செய். ஒவ்வொண்ணா பேரச் சொல்லிப் போடு. எங்க ஊருப் பேரு."

மிக்ஸியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வகுப்பில் எழுந்து நின்றது போலவே காது சூடு. அண்ணி காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"வேர்க்கடலை," என்றேன்.

"ம்."

"தயிர்."

"ம்."

"வாழைப்பழம். மாம்பழம்."

இன்று "ம்" சொன்னது அவர்.

அரை டம்ளர் குடித்தார். உள்ளேயே இருந்தது.

மே 4, திங்கள்

காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். இரண்டு தடவையும் பெயர் சொல்லித்தான். காலையில் கடைசியில் "பல்லி" என்று நானாகவே சேர்த்தேன். அண்ணி கரண்டியால் என் தலையில் தட்டினார்.

அம்மா விஷயத்தை விமலா ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டாள். "என்னமா நித்யா, எனக்கும் ஒரு கிளாஸ் சிப்கலி ஜூஸ்," என்று மாடியில் இருந்து. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பரவாயில்லை என்று தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை.

சேலை இரண்டு முடித்தேன்.

மே 5, செவ்வாய்

விடியற்காலையில் மழைத் தூறல், மண் இறுகி இருந்தது. அண்ணி கோடு வரை போனார். கீழே வைக்கவில்லை. கோட்டைத் தாண்டியும் நான்கு எட்டு நடந்து, பிறகுதான் இறக்கினார். காது இரண்டும் செம்பருத்தி. நான் சுவர் ஓரத்தில் இல்லை, கோட்டருகே நின்றேன். அவர்தான் நிற்கச் சொன்னார்.

வளையல் இன்னும் முழங்கை வரைதான் ஏறுகிறது. அதற்கு நாள் ஆகும்.

மே 6, புதன்

நான்கு மணிக்கு எழுந்து அரைத்தேன். ஸ்டீல் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் லீவு போட்டுப் பைக்கில் கூட்டிப் போனான்.

காலை முழுக்க வேலை ஓடவில்லை. ஒரே தையலை இரண்டு தடவை பிரித்தேன்.

அம்மா குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் அடித்தது. நான் போன் எடுப்பதில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு, "நித்தியா? நீயா எடுத்த?"

"ம்."

"கீழ வைக்கல நித்தி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே சொன்னார். "ஓட்டமும் முடிஞ்சிருச்சு. ரெண்டும் பாஸுன்னுட்டாக. பாதியில கை விட்டுப் போச்சுடி. சாமி பேரே ஞாபகம் வரல. வேர்க்கடலை, தயிர், வாழைப்பழம், மாம்பழம், பல்லின்னு சொல்லிக்கிட்டே போறேன். பக்கத்துல வந்த புள்ள எங்க மதுரைப் பக்கம் போல. என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாரு." சிரிப்பு, இருமல், பின்னால் அண்ணனின் குரல். "அத்தைகிட்ட நீயே சொல்லிரு. வெரசா."

போனை வைத்தேன். குளியலறைக் கதவருகே போனேன். உள்ளே குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி சொன்னேன்.