மாமா, நீங்கள் ‘விடு’ என்றீர்கள்

இதை யார் கண்டெடுத்தாலும் தயவுசெய்து மடித்து வைத்துவிடுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். இது என் மாமாவுக்கு மட்டும்.

மாமா, கழற்றிய பழைய கேபிளை அம்மா என் கட்டிலின் கீழே சுருட்டிப் போட்டிருக்கிறார். குனிந்தால் இன்னமும் ஈர ரப்பர் மணக்கிறது. நித்திரை வரவில்லை.

டொக்யார்ட் ஏலத்தில் அப்பா மலிவாக எடுத்த கேபிள் அது. மழை தொடங்கியதும் ரிவியில் படம் இலையான் மொய்த்ததுபோல் ஆனது. அப்பா பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சாம்பல்தீவிலிருந்து வந்து, அன்ரெனாவிலிருந்து கேபிளைத் தடவிக்கொண்டே போய், கூரையடியில் ஒட்டுப்போட்டிருந்த இடத்தை வெட்டினீர்கள். செம்பு பச்சை பிடித்திருந்தது. அதைச் சுற்றிய கம்பிவலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அத்தான், பெட்டிக்கு அடிச்சுப் பிரயோசனமில்லை. பாவம், அது என்ன செய்யும்? தண்ணி வயருக்குள்ள.”

“கதையை விட்டுட்டு மாத்தடா. செய்தி தொடங்கப் போகுது,” என்றார் அப்பா.

“செய்தியையோ, செய்தி வாசிக்கிற அவவையோ பாக்கப்போறியள்?”

அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரித்தார். அதன்பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை.

புதுக் கேபிளைப் பழையதன் நுனியில் கட்டினீர்கள். பழையதை வெளியே இழுத்தால் புதியது சுவர்த்துளையால் பின்னாலேயே வரும். நீங்கள் ஏணியில் நின்று இழுத்தீர்கள். உங்கள் கூட்டாளி, கிண்ணியா காசிம் நானா, கீழே ஏணியைப் பிடித்திருந்தார். நான் வீட்டுக்குள் இருந்து சுருளைக் கொடுத்தேன். அதில் ஒரு முறுக்கு விழுந்தது. அதை எடுப்பதற்காகக் கேபிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“விடு பிள்ளை!” என்று கத்தினீர்கள்.

நான் இரண்டு கையையும் விட்டேன்.

கரைவலை இழுக்கும் உங்களுக்கு ‘விடு’ என்றால், கையை எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிடு என்பது. எனக்குத் தெரியாது மாமா. உங்கள் பாரம் முழுவதும் அந்த இழுப்பில் இருந்திருக்கிறது. ஏணியோடு பின்னால் சாய்ந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவேயில்லை. அப்பா நானாவைப் பார்த்து, “பின்ன என்னத்துக்கடா ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ?” என்று கத்தினார். கேபிள் திடீரென்று தளர்ந்ததை நானா கண்டவர். என்னை ஒருமுறை பார்த்தார்.

“எண்ட கைதான் வழுக்கிப்போச்சு,” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை.

நாளை உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். இன்று பின்னேரம் நானா படலையில் வந்து நின்றார். “நாளைக்கு ஓரமா நிண்டுட்டுப் போறன்,” என்றார். “இந்த வாசல் மிதிக்காதே,” என்றார் அப்பா. நானா திரும்பினார். ஜன்னலில் நின்ற என்னைக் கண்டு, பயப்படாதே என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. சோறு பிசையும்போதும் பேனா பிடிக்கும்போதும் அந்தக் கேபிள் என் கையை உரசிக்கொண்டு ஓடுகிறது.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

“பிள்ளை, ஏன் லைற் எரியுது? அழுறியோ?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, “அப்பா, நாளைக்கு நானாவை வரச் சொல்லுங்கோ,” என்றேன்.

“ஏன்?” என்கிறார்.

மாமா, நான் எழும்புகிறேன்.