காலி செய்யும் வீட்டின் கரண்ட் பில்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை இரவு. எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்ளட்டும்.

நாளை நானும் மனைவியும் இந்த லைன் வீட்டைக் காலி செய்கிறோம். கடைசிக் கரண்ட் பில் அட்வான்ஸையே விழுங்கிவிடும் என்று ஓனர் மத்தியானம் சொன்னார். "ஏசி கீசி போட்டுட்டீங்களா பெரியவரே?" என்று சிரிப்பு வேறு. எங்களிடம் இருப்பது ஒரு ஃபேன், ஒரு லைட்டு.

பிறகு எதுதான் தின்றது? தெரிந்துகொள்ளாமல் போக மனம் வரவில்லை. இரண்டையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு விடாமல் மின்னியது. மெயினை இறக்கினேன். பக்கத்து வீட்டு ஓவர்லாக் மிஷின் சட்டென நின்றது.

அங்கே பீஸ் ரேட்டுக்குப் பனியன் தைக்கும் மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா? காலைல டெலிவரிங்க."

"உன்ற மிஷின் என்ற மீட்டர்ல ஓடுது கண்ணு."

அவள் திகைத்துப் போனாள். "சத்தியமாத் தெரியாதுங்க. மிஷின் போட்டதுல இருந்து கரண்டுக்குன்னு ஓனர்கிட்டத் தனியாக் குடுக்கறனுங்க."

மெயினை மறுபடி ஏற்றிவிட்டேன். மிஷின் இப்போதும் ஓடுகிறது. அவள் வேலை முடியட்டும்.

ஐப்பசியில் அவள் மிஷின் போட்டபோது அங்கே ஒயர் இழுத்தவருக்கு ஓனர்தான் ஏணி பிடித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் அவளிடம் வாங்கிய காசு எந்த மீட்டருக்குப் போனது? அதற்குப் பதில் வராமல் நாளை வீட்டுச் சாவி என் மடியை விட்டு இறங்காது.