சபை என்று எழுதியவர்

வெள்ளவத்தை,
17.11.1996

அன்புள்ள தங்கச்சி மெற்றில்டாவுக்கு,

பேசாலையில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்ற நினைவோடு நாகேந்திரம் அண்ணன் எழுதுகிறேன். தபாலை நம்பாமல், மன்னாருக்கு வருகிற பங்குச் சுவாமியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் மனுசனை, கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரரை, வெள்ளிக்கிழமை பொலிஸில் பார்த்தேன். மெலிந்துவிட்டார். மூக்குக்கண்ணாடி உடைந்துபோயிருக்கிறது. கொழும்புக்கு வர நீங்கள் பாஸ் கிடைக்காமல் அலைவதைச் சொன்னேன். பிள்ளைகளைத் தனியே விட்டு வரவேண்டாம் என்றார். சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று இரண்டு தரம் கேட்டார்.

அவரை ஏன் பிடித்தார்கள் என்று சட்டத்தரணி அருள்நாயகி உங்களுக்கு எழுதியிருப்பார். அதில் பாதிதான் இருக்கும். மீதியை நான் சொல்ல வேண்டும்.

உரோமாபுரியில் கிறிஸ்தவம் எழும்பிய கதையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக மாஸ்ரர் நான்கு வருடமாக எழுதியது உங்களுக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் நான் பிழைதிருத்துகிற அச்சகத்துக்கே கொண்டுவந்து தந்தார். தொடக்கத்தில் அந்தக் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலும் இல்லை, ஆயர் மாளிகையும் இல்லை. வீடுகளில் கூடி அப்பம் பகிர்ந்த சனங்கள். அவர்களைச் ‘சபை’ என்று எழுதியிருந்தார். எனக்கு அது பெரிய சொல்லாகப் பட்டது. பிள்ளைகளுக்கு விளங்கட்டுமென்று, அவரைக் கேளாமலே, சிவப்பு மையால் வெட்டி ‘இயக்கம்’ என்று போட்டேன். இன்றைக்குக் கொழும்பில் ஒரு தமிழன் அந்தச் சொல்லை எழுதினால் புலி என்றுதான் வாசிப்பார்கள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒக்ரோபர் 24ஆம் திகதி மாஸ்ரர் அச்சுப்பிழை பார்க்கிற புரூவ் தாள்களைப் பார்க்க வந்திருந்தார். அந்த நேரம்தான் பொலிஸார் அச்சகத்தைச் சோதிக்க வந்தார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் தாளை எடுத்து வாசித்தான். ‘இயக்கம் நிலத்தடிச் சுரங்கங்களில் கூடியது. அதற்காக உயிரைக் கொடுத்தவர்களின் நாட்களை மக்கள் மறக்கவில்லை.’ இதை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். மாஸ்ரர் தாளை வாங்கிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. “நான்தான் எழுதினனான்” என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்கள், இந்த ஆளைத் தெரியுமா என்று. பதினொரு வருடச் சிநேகிதம், தங்கச்சி. என் மனுசி அன்னபாக்கியத்துக்கு வாதம் வந்து கையும் காலும் விழுந்த அன்று, அவளை மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி இறக்கியவர். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து அவளுக்குக் கஞ்சி பருக்கியவர். கொள்ளைநோய்க் காலத்தில் ஊர் ஓட அந்தக் கிறிஸ்தவர்கள் நின்று, யார் எவரென்று பாராமல் தண்ணீர் கொடுத்தார்கள், அதனாலும்தான் அந்தச் சமயம் பரவியது என்று எழுதியவர். அவரை, அச்சடிக்கப் புத்தகம் தந்தவர், வேறொன்றும் தெரியாது என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அவருடைய கையெழுத்துப் பிரதி என் மேசை லாச்சியில் தப்பிக் கிடந்தது. அதைக் காட்டியிருந்தால் அவர் எழுதிய சொல் எது, என் கை எது என்று தெரிந்திருக்கும். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்தேன். மாஸ்ரருக்குக் கொடுக்கச் சவுக்காரமும் சாரமும் வாங்கிக்கொண்டு இரண்டு தரம் பொலிஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒரு நாள் பிரதியை எரிக்கத்தான் எடுத்தேன். ஒன்பதாம் அத்தியாயம் கைக்கு வந்தது. பயத்தில் அரசனின் தெய்வங்களுக்குச் சாம்பிராணி போட்டுத் தப்பியவர்கள், பிறகு சபையின் வாசலில் வந்து அழுதுகொண்டு நிற்கிறார்கள். சேர்ப்பதா விடுவதா என்று உள்ளே வாக்குவாதம். அவர்களுக்காகப் பரிந்து கடிதம் கொடுத்தவர்கள், சிறையில் வதைபட்டவர்கள்தானாம். அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

மறுநாள் அருள்நாயகியிடம் கொண்டுபோனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மாஸ்ரர் முதல் சந்திப்பிலேயே எல்லாம் சொல்லியிருக்கிறார். “பிரதியைத் தேட வேண்டாம். அந்த மனுசன்ரை வீட்டில ஒரு சீவன் படுத்த படுக்கையாக் கிடக்குது” என்று மாஸ்ரர் அருள்நாயகியின் வாயையும் கட்டிவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை பொலிஸுக்குப் போய், ‘இயக்கம்’ என்று மாற்றியது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தேன். பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாஸ்ரரை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். “ஏன் வந்தனீங்கள்?” என்று கேட்டார். பிறகுதான் உங்களைப் பற்றி விசாரித்தார்.

நாளைக்கு அவரை நீதவானிடம் கொண்டுபோவார்கள், விடுவார்கள் என்று அருள்நாயகி நம்புகிறார். என்னை மாற்றுடுப்போடு வரச் சொல்லிப் பொலிஸார் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன நடக்கும் என்று அருள்நாயகி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்னபாக்கியத்தைக் கீழ்வீட்டுப் பௌஸி பார்த்துக்கொள்வதாகச் சொன்னா. நல்ல மனுசி. இரண்டு நாள் வேலையாகப் போகிறேன் என்று அன்னபாக்கியத்திடம் சொன்னேன். அவளால் கதைக்க முடியாது. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கச்சி, மாஸ்ரர் வீடு வந்து சேர்ந்ததும் இதைப் பற்றி அவரிடம் கேட்டு வருத்தாதேயுங்கள். மாதாவுக்கு முன்னால் உங்கள் மனுசனுக்காக முழங்காலில் நிற்கும்போது, அன்னபாக்கியத்தின் பெயரையும் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்குத் துன்பம் கொண்டுவந்த,
நாகேந்திரம்